ஒரே அட்டவணையை எத்தனை முறை எழுதுவது?

அட்டவணையில் நேரும் பிழைக்கு ஒரு தனிக் குணம் உண்டு: அது பார்வைக்குப் பிழையாகத் தெரியாது. கட்டுரையில் ஒரு சொல் இடம் மாறினால் வாக்கியம் இடறும், படிப்பவர் நின்று யோசிப்பார். அட்டவணையில் ஒரு நெடுவரிசை இடம் மாறினால் கோடுகள் நேராகவே இருக்கும், எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்காக நிற்கும். ஆனால் ‘முடிவு’ என்ற தலைப்பின் கீழ் இயல்பு வரம்பு உட்கார்ந்திருக்கும். ‘வரி’ என்ற தலைப்பின் கீழ் தள்ளுபடி இருக்கும். மருத்துவ அறிக்கைகள், விலைப்பட்டியல்கள், சட்டத் தொகுப்புகள், ஆய்விதழ்க் கட்டுரைகள் எனப் பலவகை ஆவணங்களை இன்றும் திரைக்கும் அச்சுக்கும் கொண்டுவருவதில் எக்ஸ்எம்எல் தரவுக்கும், அதற்கு உருவம் கொடுக்கும் எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட்டுக்கும் பங்கு இருக்கிறது. அந்த ஸ்டைல்ஷீட்டுகளில் காப்பி-பேஸ்ட் வரிகள் மிகச் சுலபமாகக் குவியும் இடம், அட்டவணை போடும் டெம்ப்ளேட்டுகள்தாம். அந்தக் குவியலைக் குறைப்பது நிரலர்களின் அழகுணர்ச்சி சார்ந்த விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அட்டவணையை நம்பி முடிவெடுப்பவர்களின் பாதுகாப்பு அதில் இருக்கிறது. ஆனால் எதைக் குறைப்பது என்பதில்தான் பலரும் தடம் மாறுகிறார்கள். குறைய வேண்டியது வரிகளின் எண்ணிக்கை அல்ல. ஒரே முடிவு எழுதிவைக்கப்பட்டிருக்கும் இடங்களின் எண்ணிக்கை.

பின்னணி சுருக்கமாக: எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக வெளிவந்தது. ‘இது நோயாளியின் பெயர், இது பரிசோதனையின் முடிவு’ என்று தரவுக்குப் பெயர் சூட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். அது திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்ல 1999 நவம்பரில் எக்ஸ்எஸ்எல்டி 1.0 வந்தது. அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் கிளார்க். ‘இந்தப் பெயருள்ள உறுப்பைக் கண்டால் இதை எழுது’ என்ற விதிகளின் தொகுப்புதான் ஒரு ஸ்டைல்ஷீட். ஒவ்வொரு விதியும் ஒரு டெம்ப்ளேட்.

ஓர் ஆய்வக அறிக்கையை எடுத்துக்கொள்வோம். பரிசோதனை, முடிவு, அலகு, இயல்பு வரம்பு, தேதி என ஐந்து நெடுவரிசைகள். இரத்தம், சிறுநீர், கல்லீரல் என மூன்று அட்டவணைகள். முதல் அட்டவணையை எழுதுபவர் தலைப்பு வரிசையில் ஐந்து கட்டங்களை வரைகிறார். பிறகு ‘ஃபார்-ஈச்’ என்ற கட்டளையைப் போட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்து கட்டங்களை எழுதுகிறார். நெடுவரிசைகளின் அகலத்தை வேறோர் இடத்தில் வரிசையாகக் குறிக்கிறார். பதிவே இல்லாவிட்டால் ‘பதிவுகள் இல்லை’ என்று ஐந்து கட்டங்களின் அகலத்துக்குப் படரும் ஒரு வரிசையும் வேண்டும். அங்கே ‘கோல்ஸ்பேன்’ என்ற பண்பில் 5 என்ற எண்ணைத் தட்டுகிறார். ஆக, இந்த அட்டவணைக்கு என்னென்ன நெடுவரிசைகள், எந்த வரிசையில் என்ற ஒரே செய்தி ஒரே அட்டவணைக்குள் நான்கு இடங்களில் பதிந்துவிட்டது. இரண்டாம், மூன்றாம் அட்டவணைகளுக்கு முழுப் பகுதியையும் வெட்டி ஒட்டினால் இடங்கள் பன்னிரண்டாகும். ஆறு மாதம் கழித்து ‘பரிசோதனை முறை’ என்ற நெடுவரிசையை நடுவில் நுழைக்கச் சொல்கிறார்கள். பதினொரு இடம் திருத்தப்பட்டு, ஓர் இடம் விடுபடுகிறது. விடுபட்டது கோல்ஸ்பேன் எண் என்றால் அட்டவணையின் ஓரம் கொஞ்சம் மூளியாகத் தெரியும், போகட்டும். விடுபட்டது உடல் வரிசையின் கட்டம் என்றால், அதற்கு அடுத்த எல்லா மதிப்புகளும் ஒரு தலைப்பு இடப்பக்கம் நகர்ந்துவிடும். எக்ஸ்எஸ்எல்டி இதைப் பிழை என்று சொல்லாது. அதன் கண்ணில் எல்லாம் ஒழுங்கான எக்ஸ்எம்எல். பிரவுசரும் சொல்லாது, வரிசையில் கட்டம் குறைந்தால் அது கடைசியில் வெற்றிடம் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். பொருளை இடத்தால் மட்டுமே உணர்த்தும் வடிவம் அட்டவணை. அதனால்தான் இங்கே திரும்பத் திரும்ப எழுதுவது, நிரலின் வேறு பகுதிகளில் திரும்ப எழுதுவதைவிட ஆபத்தானது.

நிரலர்களின் சோம்பல்தான் காரணம் என்று சொல்வது அநியாயம். எக்ஸ்எஸ்எல்டி 1.0 மொழியே காப்பி-பேஸ்ட் பக்கம் ஆளைத் தள்ளுகிறது. பொதுப் பகுதியைப் பெயரிட்ட டெம்ப்ளேட்டாக்கி மூன்று தகவல்களைக் கொடுத்து அழைப்பதற்கே ஐந்தாறு வரி வேண்டும். எந்த டெம்ப்ளேட்டை அழைப்பது என்பதை ஓடும்போது தீர்மானிக்க வழியில்லை. பெயரை முன்கூட்டியே எழுதிவைத்தாக வேண்டும். ஒரு கட்டத்தைப் போட மூன்று வரி, அதைப் பொதுவாக்கி அழைக்க ஆறு வரி என்றால் அவசரத்தில் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2007இல் மைக்கேல் கேயின் பதிப்பாசிரியப் பொறுப்பில் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0, சொந்தமாகச் சார்புகளை எழுதவும் பதிவுகளைக் குழுவாகப் பிரிக்கவும் வழிசெய்தது. 2017இல் வந்த 3.0 இன்னும் தாராளம். ஆனால் பிரவுசர்களும், டாட்நெட்டில் உள்ளமைந்த செயலியும், லினக்ஸ் உலகில் பரவலான லிப்எக்ஸ்எஸ்எல்டி-யும் 1.0-விலேயே நின்றுவிட்டன. மொழி வளர்ந்தும் பலருடைய கையில் இருந்தது பழைய கருவிதான்.

வெட்டி ஒட்டுவதால் பிழை வருகிறது என்பது ஊகம் அல்ல. இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் சிபி-மைனர் என்ற கருவியை வெளியிட்டார்கள். லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகிய இரண்டு இயங்குதளங்களின் நிரலில் வெட்டி ஒட்டிய துண்டுகளை அது தேடியது. லினக்ஸில் 28, ஃப்ரீபிஎஸ்டி-யில் 23 என வெட்டி ஒட்டியதால் மட்டுமே நேர்ந்த பிழைகள் அகப்பட்டன. ஒட்டிய துண்டில் ஒரு பெயரை மாற்ற மறந்துபோவது அவற்றில் வழக்கமான வகை. 2009இல் மியூனிக் ஆய்வாளர்கள் வேறொரு கோணத்தில் பார்த்தார்கள்: ஒருகாலத்தில் ஒன்றாக இருந்து, பிறகு ஒரு நகல் மட்டும் திருத்தப்பட்டு வேறுபட்டுப்போன துண்டுகள். அவற்றை ஆராய்ந்தபோது அந்தந்த மென்பொருளை உருவாக்கியவர்களே பிழை என்று ஒப்புக்கொண்டவை 107. இந்த இரண்டு ஆய்வுகளும் எக்ஸ்எஸ்எல்டி-யைப் பார்க்கவில்லை. ஆனால் பெயரை மாற்ற மறப்பதும் ஒரு நகலை விட்டுவிடுவதும் மொழிக்கு ஏற்ப மாறும் பழக்கங்கள் அல்ல. சி மொழியிலாவது அறிவிக்கப்படாத பெயரைக் கம்பைலர் தடுத்து நிறுத்தும். எக்ஸ்எஸ்எல்டி-யில் இல்லாத உறுப்பின் பெயரைக் கேட்டால் வெற்றுக் கட்டம் கிடைக்கும், அவ்வளவுதான்.

எக்ஸ்எஸ்எல்டி-க்கே உரிய சான்றும் இருக்கிறது. மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான தரங்களை வகுக்கும் எச்எல்7 அமைப்பு, நோயாளியின் ஆவணத்தைத் திரையில் காட்ட சிடிஏ டாட் எக்ஸ்எஸ்எல் என்ற மாதிரி ஸ்டைல்ஷீட்டை வழங்கியது. மருந்துகள், ஒவ்வாமைகள், பரிசோதனை முடிவுகள் எல்லாம் இந்த ஆவணங்களில் அட்டவணைகளாக வரும். 2014இல் மருத்துவரும் மென்பொருளாளருமான ஜாஷ் மாண்டல் இந்த ஸ்டைல்ஷீட்டில் பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதை வெளிப்படுத்தினார். அவற்றில் ஒன்று அட்டவணை டெம்ப்ளேட்டில் இருந்தது. ஆவணத்தில் உள்ள அட்டவணைக்கு என்னென்ன பண்புகள் இருக்கின்றனவோ அவை அனைத்தையும் கேள்வி கேட்காமல் அப்படியே திரைக்குக் கொண்டுபோனது அந்த விதி. வெளியிலிருந்து வரும் ஆவணத்தில், மவுஸ் மேலே போனால் ஓடும் நிரல் துண்டை ஓர் அட்டவணைப் பண்பாக ஒளித்துவைத்தால், அது மருத்துவரின் பிரவுசரில் ஓடிவிடும். மூல ஸ்டைல்ஷீட் திருத்தப்பட்டது. ஆனால் அதை எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் ஒட்டி, தங்கள் வசதிக்கு மாற்றிவைத்திருந்தவர்கள் அவரவர் பிரதியை அவரவரே தேடித் திருத்த வேண்டியிருந்தது. தாய்ப்பத்திரத்தைத் திருத்தினால் நகல்கள் தாமாகத் திருந்துவதில்லை.

இந்தச் சம்பவத்தைக் காப்பி-பேஸ்ட்டுக்கு எதிரான சாட்சியாக மட்டும் நிறுத்துவது நேர்மையாகாது, ஏனென்றால் அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஓட்டை பரவியதற்குக் காரணம் நகல்கள். ஓட்டை பிறந்ததற்குக் காரணமோ சுருக்கம். ‘அட்டவணையா, உள்ளே என்ன இருந்தாலும் அப்படியே எடுத்துவை’ என்பதைவிடக் குறைவான வரியில் ஓர் அட்டவணை விதியை எழுதவே முடியாது. அகலம் என்றால் சரி, கோல்ஸ்பேன் என்றால் சரி, மற்றவை வேண்டாம் என்று எழுதினால் வரிகள் கூடும். அந்த வரிகளில்தான் பாதுகாப்பு இருந்தது. வரியை எண்ணிக் குறைத்தவர் ஒரு முடிவையே அழித்துவிட்டார். எந்தப் பண்பை அனுமதிப்பது என்பது ஒரு முடிவு. அது ஒரே ஓர் இடத்தில், வெளிப்படையாக இருக்க வேண்டும். பன்னிரண்டு இடத்தில் இருந்தாலும் தவறு, எந்த இடத்திலும் இல்லாவிட்டாலும் தவறு. ஆண்டி ஹன்ட், டேவ் தாமஸ் இருவரும் 1999இல் ‘தி பிராக்மாட்டிக் புரோகிராமர்’ நூலில் முன்வைத்த கொள்கையும் அறிவைப் பற்றியதுதான். ஒரு செய்திக்கு அமைப்பில் ஒரே அதிகாரபூர்வ இடம் என்றார்கள். ஒத்துப்போகும் இரண்டு வரிகளைக் கண்டால் ஒன்றை வெட்டு என்று அவர்கள் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் அதை அப்படிச் சுருக்கிக்கொண்டார்கள்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் ஆய்வக அறிக்கைக்குத் திரும்பினால் செய்ய வேண்டியது தெளிவாகும். நெடுவரிசைகளின் பட்டியலை டெம்ப்ளேட்டிலிருந்து வெளியே எடுத்து, அதையே ஒரு சிறு எக்ஸ்எம்எல் தரவாக எழுத வேண்டும்: இந்த உறுப்பு, இந்தத் தலைப்பு, இந்த அகலம், எண்ணா எழுத்தா. தலைப்பு வரிசை அந்தப் பட்டியலை ஒருமுறை நடந்து தன் கட்டங்களைப் போடும். ஒவ்வொரு பதிவும் அதே பட்டியலை நடந்து தன் மதிப்புகளைப் போடும். கோல்ஸ்பேன் எண்ணை யாரும் தட்ட வேண்டாம், பட்டியலை எண்ணினால் கிடைத்துவிடும். பன்னிரண்டு இடங்கள் மூன்றாகும். மூன்று அட்டவணைகளுக்கும் ஒரே நெடுவரிசைகள்தாம் என்பது ஆய்வகத்தின் விதி என்றால் ஒன்றாகும். தலைப்பும் மதிப்பும் இனி விலகிப்போக வழியே இல்லை, இரண்டும் ஒரே பட்டியலிலிருந்து பிறக்கின்றன. இதற்கு 3.0 தேவையில்லை. 1.0-விலேயே, ஒரு ஸ்டைல்ஷீட் தன்னையே ஆவணமாகத் திறந்து தனக்குள் வைத்திருக்கும் பட்டியலைப் படிக்க வழி உண்டு; பழைய கைகளுக்குத் தெரிந்த தந்திரம் இது. ஒரே உறுப்பு ஓரிடத்தில் தலைப்பாகவும் இன்னோரிடத்தில் கட்டமாகவும் வர ‘மோட்’ என்ற வசதி இருக்கிறது. இலக்கத்தைச் சிவப்பில் காட்டுவது, தேதியை நாள்-மாதம்-ஆண்டாகக் காட்டுவது போன்ற விதிவிலக்குகளுக்குத் தனி டெம்ப்ளேட் எழுதினால் போதும். பொருந்துகிற விதிகளில் குறிப்பானதற்கே முன்னுரிமை என்பது இந்த மொழியின் அடிப்படைக் குணம். ‘ஃபார்-ஈச்’ கட்டளைக்குள் எல்லாவற்றையும் அடைத்து எழுதுபவர்கள் இழப்பது இந்தக் குணத்தைத்தான்.

பெரிய அளவில் இது நடக்கும் என்பதற்கு டாக்புக் ஸ்டைல்ஷீட்டுகள் சாட்சி. தொழில்நுட்ப நூல்களுக்கான இந்தத் தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் மூலக் கோப்புகளில் கைவைக்கத் தேவையில்லை. தங்கள் கோப்பில் மூலத்தை ‘இம்போர்ட்’ செய்து, மாற்ற வேண்டிய விதியை மட்டும் எழுதுகிறார்கள். மூலத்தில் ஓட்டை அடைபட்டால் எல்லோருக்கும் அடைபடும். ‘அட்டவணை’, ‘அத்தியாயம்’ போன்ற தலைப்புச் சொற்களும் அதில் டெம்ப்ளேட்டுக்குள் இல்லை, மொழிவாரியான தனிக் கோப்புகளில் இருக்கின்றன. தமிழுக்கும் ஒரு கோப்பு உண்டு. தமிழில் நூல் வேண்டும் என்பதற்காக அட்டவணை டெம்ப்ளேட்டை யாரும் நகலெடுக்க வேண்டியதில்லை.

எதிர்வாதங்களில் கனமானது, நகல் படிக்க எளிது என்பது. ஒவ்வோர் அட்டவணையும் தன் டெம்ப்ளேட்டில் முழுசாக இருந்தால் புதிதாக வருபவர் மேலிருந்து கீழே படித்துப் புரிந்துகொள்வார். பட்டியல், மோட், இம்போர்ட் என்று தாவ வேண்டியதில்லை. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் காப்சர், காட்ஃப்ரி இருவரும் 2006இல் நகல்களை ஒட்டுமொத்தமாகக் குற்றம்சாட்டுவது தவறு என்று வாதிட்டு, நகலெடுப்பது நியாயமான முடிவாகவே அமையும் சூழல்களை வகைப்படுத்திக் காட்டினார்கள். தவறான பொதுமையைவிட நகல் எவ்வளவோ மலிவு என்பது நிரலர் சாண்டி மெட்ஸின் புகழ்பெற்ற வாதம். இதை மறுக்கத் தேவையில்லை. விலைப்பட்டியலின் பொருள் அட்டவணையும் ஊழியர் வருகை அட்டவணையும் இன்று ஐந்து நெடுவரிசையோடு ஒரே மாதிரி தெரிவது தற்செயல். நாளை வரிச் சட்டம் மாறினால் ஒன்று மட்டும் மாறும். இவற்றை ஒரே டெம்ப்ளேட்டில் கட்டினால், ‘விலைப்பட்டியலாக இருந்தால் இப்படி, வருகையாக இருந்தால் அப்படி’ என்று நிபந்தனைகள் பெருகி, பதினான்கு தகவல்களைக் கொடுத்து அழைக்க வேண்டிய ஒரு ராட்சதன் உருவாகும். அது காப்பி-பேஸ்ட்டைவிட மோசம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றனவா என்பது அல்ல. ஒன்று மாறினால் மற்றதும் மாறியே ஆக வேண்டுமா என்பது. ஆம் என்றால் நகல் பிழைக்கான விதை. இல்லை என்றால் விட்டுவிடலாம். ஒரே அட்டவணையின் தலைப்புக்கும் உடலுக்கும் இந்தக் கேள்வியைப் போட்டால் விடையில் சந்தேகமே இல்லை. ‘நகல் எளிது’ என்ற வாதம் இரண்டு அட்டவணைகளுக்கு இடையே செல்லும். ஓர் அட்டவணைக்குள் செல்லாது.

ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும் என்பது அடுத்தது. அலுவலகங்களில் அதிகம் எடுபடும் வாதமும் இதுதான். பல மொழிகளில் இந்த அச்சம் நியாயமானது. எக்ஸ்எஸ்எல்டி-யில் இது பாதி கரைந்துவிடுகிறது, ஏனென்றால் இதில் மாறியின் மதிப்பை ஒருமுறை வைத்தால் பிறகு மாற்ற முடியாது. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு. கடந்த ஆண்டின் ஆவணங்களைப் பழைய ஸ்டைல்ஷீட்டிலும் புதியதிலும் ஓட்டி, வெளிவந்த பக்கங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடலாம். வேறுபாடு இல்லை என்றால் திருத்தம் பத்திரம். வேறுபாடு இருந்தால் புதிதாக ஒரு தவறு நேர்ந்திருக்கிறது, அல்லது இத்தனை நாள் யாரும் கவனிக்காத பழைய தவறு வெளிப்பட்டிருக்கிறது. இரண்டில் எது என்றாலும் தெரிந்துகொள்வது லாபம். எதிர்பார்ப்புகளை எழுதிவைத்துத் தானாகச் சோதிக்க ஜெனி டென்னிசன் உருவாக்கிய எக்ஸ்ஸ்பெக் என்ற கருவியும் இலவசமாகக் கிடைக்கிறது. செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தரும்போது நகல் இருந்தால் என்ன என்று இப்போது கேட்கிறார்கள். எழுதும் செலவு இந்தப் பிரச்சினையின் மையமாக ஒருநாளும் இருந்ததில்லை. பன்னிரண்டு இடங்களை ஓர் இயந்திரம் திருத்தினாலும், பன்னிரண்டும் சரியா என்று ஒருவர் பார்த்தாக வேண்டும்.

கடைசி எதிர்வாதம் கொஞ்சம் கசப்பானது: செத்துக்கொண்டிருக்கும் மொழிக்கு எதற்கு வைத்தியம்? க்ரோம் பிரவுசரிலிருந்து எக்ஸ்எஸ்எல்டி-யை நீக்கப்போவதாகக் கூகுள் 2025இல் அறிவித்தது. பழைய செயலியின் பாதுகாப்பு ஓட்டைகளும், பயன்படுத்துவோர் குறைவு என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டன. இது பிரவுசருக்குள் இருக்கும் வசதியைப் பற்றிய முடிவு. சர்வரில் சாக்ஸன் போன்ற செயலிகளில் ஓடும் ஸ்டைல்ஷீட்டுகளை இது தொடாது; அங்கே மொழியின் 4.0 வரைவே தயாராகிவருகிறது. ஆனால் பிரவுசரை நம்பியிருந்த தளங்கள் உண்மையிலேயே இடம்பெயர வேண்டியவைதான். வேறு மொழியில் எழுதினால் டெம்ப்ளேட்டுகள் குப்பைக்குப் போகும். எந்த அட்டவணையில் எந்த நெடுவரிசை, எந்தத் தலைப்பு, எந்த அகலம் என்ற செய்தி போகாது. அது புதிய இடத்துக்கும் வந்தாக வேண்டும். அது தனிப் பட்டியலாக இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட்டோ பைத்தானோ நேரடியாகப் படித்துக்கொள்ளும். டெம்ப்ளேட்டுகளின் வரிகளுக்கிடையே பன்னிரண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் யாராவது உட்கார்ந்து பொறுக்க வேண்டும். பன்னிரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் எது சரி என்று அந்த ஆய்வகத்தையே கேட்க வேண்டும். புதிய மொழி எது என்ற விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை அந்தப் பட்டியலைப் பிரித்தெடுப்பது. பழைய ஸ்டைல்ஷீட் இன்னும் ஓடும் நிலையில் இருக்கும்போதுதான், எடுத்த பட்டியல் சரியா என்று அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.